மூடிக்கல்

நோட்டீஸ் என் பேருக்குத்தான் வந்தது. வீடு என் பேரில் இருக்கிறது. கல்யாணத்தின்போது என் அப்பா கொடுத்த மனையில் நாங்கள் கட்டிய வீடு அது. வீட்டு வரி ரசீதிலும் தண்ணீர் வரி ரசீதிலும் என் பேரைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் மிதப்பாகக்கூட இருக்கும். இந்தத் தாளில் ‘வீட்டு உரிமையாளர்’ என்று போட்டு, கீழே ‘பொறுப்பு, பொறுப்பு’ என்று வரிக்கு வரி எழுதியிருந்ததைப் படித்தபோது மிதப்பெல்லாம் இறங்கிவிட்டது. பேர் என்னுடையது, பாடும் என்னுடையதுதான் என்று அப்போதே தெரிந்துபோனது.

தேனியில் எங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை வந்த சமயம். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் இருக்கும். ஒரு வருசத்துக்கு மேலாகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆடிக்காற்று அடித்தால் கொடியில் காயும் வெள்ளை வேட்டி செம்மண் நிறத்தில் வீட்டுக்குள் வரும். ஒருவழியாகக் குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு வாசலுக்கு எதிரே ஒரு சேம்பர் கட்டி, இரும்பு மூடி போட்டு முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நோட்டீஸ். சேம்பர் வரைக்கும் நகராட்சி வேலை. வீட்டிலிருந்து சேம்பருக்குக் குழாய் இழுத்து இணைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. பழைய செப்டிக் டேங்கைக் காலி செய்து மணல் போட்டு மூடுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. முன்பணம் கட்ட வேண்டும், இணைத்த பிறகு அரையாண்டுக்கு ஒருமுறை சாக்கடைக் கட்டணம் கட்ட வேண்டும். சொன்ன தேதிக்குள் இணைக்காத வீடுகளுக்குக் குடிதண்ணீர் இணைப்பு இருக்காது.

தெருக்குழாயில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கு இதுதான் பேச்சு. “நம்ம வீட்டுப் பீக்கு நம்மளே வரி கட்டணுமாம்ல” என்று ஒருத்தி சொல்ல, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். சிரித்தாலும் எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். அதுவும் போனால் என்ன செய்வது?

என் வீட்டுக்காரர் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். சங்கத்திலும் பொறுப்பில் இருந்தார். எதையும் நியாயமாகச் செய்ய வேண்டும், எதையும் வீணாக்கக் கூடாது என்று இரண்டு கொள்கை அவருக்கு. முதல் கொள்கையை நினைத்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இரண்டாவது கொள்கையால் எங்கள் வீட்டுப் பரணில் உடைந்த மின்விசிறிகள் மட்டும் ஒரு கடை வைக்கிற அளவுக்குக் கிடந்தன. நான் சத்துணவு மையத்தில் அமைப்பாளர். பிள்ளைகளையும் சமையல் ஆட்களையும் ஒரு சத்தத்தில் அடக்குகிறவள் என்று பேர் வாங்கியவள். வீட்டில் மட்டும் அந்தச் சத்தம் எடுபடாது.

அவருடைய தம்பி, என் கொழுந்தன், குச்சனூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தான். வாய்க்கால் பாசனத்தில் நெல், கிணற்றுப் பாசனத்தில் வாழை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணறு தூர் வாருவதாக இருந்தாலும் அவனைக் கூப்பிடுவார்கள். கோடையில் தண்ணீர் அடிக்குப் போனதும் ஒருவர் கிணற்றை இன்னொருவர் வந்து வாரிக் கொடுப்பது அந்த ஊர்களில் வழக்கம். அதில் முதலில் இறங்குகிறவன் அவன். எத்தனையோ ஆழக் கிணறுகளில் இறங்கி, தலையில் கல் விழாமல், மூச்சு முட்டாமல் ஏறி வந்தவன். எனக்கு அவன் மேல் பிரியம் உண்டு. ‘மதினி, மதினி’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே வருவான். வாழைத்தார் இல்லாமல் எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டான்.

நோட்டீஸ் வந்த வாரம் பெண்டாட்டியோடு வந்திருந்தான். கொல்லைப்பக்கம் போய்ச் செப்டிக் டேங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வீடு கட்டும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கட்ட வைத்த தொட்டி. ஓர் ஆள் நின்று கையைத் தூக்கினாலும் விளிம்பு எட்டாத ஆழம். மேலே இரண்டு பெரிய மூடிக்கல், நடுவில் சிமெண்ட் பூச்சு.

“இம்புட்டுப் பெரிய தொட்டிய மண்ணப் போட்டு மூடுறதா? என்ன மதினி, கிறுக்கா ஒங்களுக்கு? சுத்தமா வாரி, கழுவி, சுண்ணாம்பு அடிச்சுட்டம்னா மொட்டமாடித் தண்ணி பூராத்தையும் இதுல விட்டுரலாம். ஆனிச் சாரல் அடிச்சா தொட்டி ரொம்பிரும்.”

“செத்தாலும் அந்தத் தண்ணிய நான் தொடமாட்டேன்” என்றேன்.

“குடிக்கவா சொல்றேன்? செடிக்கு ஊத்துங்க. வீடு வாச கழுவுங்க.”

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்துவிட்டிருந்தது. வீணாகப் போக இருந்த ஒரு தொட்டி பிழைத்துவிட்டதே என்ற சந்தோசம். “தம்பி சொல்றதும் சரிதான” என்றார். அண்ணனும் தம்பியும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் வீடு யார் பேரில் இருந்தால் என்ன? ‘என்னமும் செய்யுங்க’ என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். நகராட்சியிலிருந்து பார்க்க வந்த பொறியாளர்கூட, “மணலப் போட்டு மூடிருங்கம்மா, அதான் லேசு” என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதை நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். இரண்டு பேர் காதிலும் அது ஏறவில்லை.

செப்டிக் டேங்க் லாரிக்கு அப்போது பெரிய கிராக்கி. தெருத்தெருவாக எல்லோரும் ஒரே நேரத்தில் தொட்டியைக் காலி செய்ததால் ஒரு லாரி கிடைப்பதே பெரும்பாடு. எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை வந்தது. அதற்காகவே கொழுந்தனும் பெண்டாட்டியும் முந்தின நாளே வந்திருந்தார்கள். பூச்சை உடைத்து ஒரு மூடிக்கல்லை மட்டும் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார்கள். குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினார்கள். தண்ணீர் போனதும் குழாய் வெறும் காற்றை இழுத்து உறுமியது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“இம்புட்டுத்தான்ணே இழுக்கும். அடியில கட்டியாக் கெடக்கு. ஆளு எறங்கித்தான் அள்ளணும். காலனியில ரெண்டு பேரு இருக்காக. சொன்னீகன்னா நாளைக்கே கூட்டியாறேன்.”

என் வீட்டுக்காரருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. “எங்க வீட்டுப் பீய அள்ள இன்னொருத்தன எறக்கச் சொல்றியா? இந்தக் காலத்துலயுமா?” என்றார். டிரைவர் பாவம், ‘நான் என்ன சொல்லிட்டேன்’ என்று குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த நிமிசம் எனக்கு என் புருசனைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அந்த வார்த்தையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த பேச்சைக் கொழுந்தன் பேசினான். “விடுண்ணே. நம்ம வீட்டுக் குழி. நான் எறங்குறேன். கெணத்துல பாக்காத சகதியா?”

அடுத்தவர் வீட்டு ஆள் இறங்கக் கூடாது என்பதில் அண்ணனும் தம்பியும் அவ்வளவு உறுதியாக இருந்தார்கள். அது நியாயம். ஆனால் அந்த இடத்திலிருந்து பேச்சு நேராக, ‘அப்படியென்றால் நம்மாள் இறங்கலாம்’ என்று போய்விட்டது. அது எப்படி அங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்ததும் கொழுந்தன் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு டவுசரோடு கொல்லைக்கு வந்தான். கிணற்றில் இறங்குவதற்கு என்ன செய்வானோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். வேப்பங்குழையை ஒடித்துக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டு, மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கினான். அரிக்கேன் விளக்கை ஏற்றி இன்னொரு கயிற்றில் கட்டி இறக்கினான். கெட்ட காற்று தங்கியிருக்கிற கிணற்றில் விளக்கு திணறி அணைந்துவிடும். அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கமாட்டார்கள். எங்கள் பக்கம் கிணற்று வேலைக்கு அதுதான் கணக்கு.

விளக்கு அணையவில்லை. தொட்டியின் அடியில், கறுப்புச் சேற்றுக்கு ஒரு முழம் மேலே, மஞ்சளாக நின்று எரிந்தது. நாங்கள் நான்கு பேரும் குனிந்து அதைப் பார்த்தோம்.

“பாத்தீகளா மதினி? ஆடாம எரியுது. காத்து நல்லாருக்கு.”

எனக்கு மனசு சரியில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. “கெணறு மாதிரியா இது? கெணறு வாயத் தொறந்து கெடக்கும். இதுக்கு ஒரு கல்லு அகலம்தான வாயி” என்றேன். “இந்தா, மதினி படிச்சவுக. ஆரம்பிச்சுட்டாக” என்று அவன் சிரித்தான். அவன் பெண்டாட்டியும் சிரித்தாள். அவளுக்குத் தன் புருசன் கிணற்றில் இறங்குவது புதுசில்லை. இறங்கிவிட்டு ஏறி வருவான், சோறு போட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

நல்லவேளை, வடக்கயிற்றை அவன் மறக்கவில்லை. கிணற்றில் இறங்குகிறவன் கயிறு கட்டாமல் இறங்கமாட்டான். அக்குளுக்குக் கீழே சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டு, மறுமுனையைத் துவைக்கிற கல்லில் கட்டினார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூங்கில் ஏணியில் இறங்கினான். மண்வெட்டியை மேலேயிருந்து கொடுத்தோம். விளக்கை வெளிச்சத்துக்காக உள்ளேயே தொங்கவிட்டோம்.

முதல் வாளி வந்தது. என் வீட்டுக்காரர் இழுத்துக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் வெட்டி வைத்திருந்த குழியில் கொட்டினார். இரண்டாவது வாளியும் வந்தது. மேலாக இருந்தது இளகல். அதற்கடியில் காய்ந்த களிமண் மாதிரி ஓர் ஏடு கட்டிக் கிடந்திருக்கிறது. அதில் மண்வெட்டியை ஓங்கிப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. உடனே ஒரு வாடை. நான் மேலே நின்றேன், இருந்தும் அழுகிய முட்டை நாற்றம் பளாரென்று முகத்தில் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“தம்பி, ஏறி வா” என்று கத்தினேன். “என்னமோ மாதிரி நாறுது. ஏறி வா.”

“அப்பத்தான் நாறுச்சு மதினி. இப்ப ஒண்ணுமே தெரியல” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. உட்காரப் போகிறவன் மாதிரி முழங்கால் மடங்கியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். ‘ஐயோ’ என்றோ ‘அம்மா’ என்றோ ஒரு சத்தம்கூட இல்லை. திறக்காத இன்னொரு மூடிக்கல்லுக்கு அடியில் தலையும் தோளும் போய்விட்டன. வெளிச்சத்தில் கால் மட்டும் தெரிந்தது.

ஆளைத் தட்டி விட்டது எதுவாக இருந்தாலும், கத்தக்கூட நேரம் கொடுக்காமல் தட்டியிருக்கிறது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவுதான் என் புத்தியில் ஓடியது.

கொழுந்தன் பெண்டாட்டி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் ஓடினாள். “எறங்குங்க! ஒங்க தம்பிய வந்து தூக்குங்க! எறங்குங்க!” என்று அலறினாள். அவர் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மூடிக்கல்லின் விளிம்பில் கயிறு உரசி மாட்டிக்கொண்டது. ஆள் நகரவில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவர் திமிறினார். நூற்பாலையில் இரும்பைத் தூக்குகிற உடம்பு. நான் தரையில் உட்கார்ந்து, தொட்டிச் சுவரில் காலை உதைத்துக்கொண்டு தொங்கினேன். “விடு, எந்தம்பி!” என்று முழங்கையால் இடித்தார். என் உதடு கிழிந்தது. “அவரு எறங்கட்டும், விடுங்கக்கா!” என்று அவள் என் கையைப் பிரித்தாள். நகத்தால் கீறிப் பிரித்தாள். நான் விடவில்லை. அப்போது என் வாயிலிருந்து அது வந்தது.

“எறங்குனீகன்னா, அந்தக் கல்லப் பொரட்டி மேல போட்டு மூடிருவேன்! மூடிருவேன், சொல்லிட்டேன்!”

தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் ஒரு கணம் அசையாமல் நின்றார். பயந்து நின்றாரா, பெண்டாட்டி வாயில் இப்படி ஒரு வார்த்தையா என்று திகைத்து நின்றாரா, தெரியாது. எனக்கு அந்தக் கணம் போதும்.

“இழுக்க வரல. கல்லு மறைக்குது. அந்தக் கல்லத் தூக்குங்க, கயிறு நேரா வரும். கடப்பாரை! கடப்பாரைய எடுங்க!”

மையத்தில் பிள்ளைகளை அடக்குகிற அதே சத்தம். வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டில் எடுபட்டது. அவர் கடப்பாரையை எடுத்தார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆண்கள் சுவரேறிக் குதித்து வந்துவிட்டார்கள். பூச்சை இடித்து, இரண்டாவது மூடிக்கல்லை நெம்பிப் புரட்டினார்கள். அது வெளிப்பக்கம் விழுந்து இரண்டாக உடைந்தது. வெயில் உள்ளே விழுந்ததும் கொழுந்தனின் முகம் தெரிந்தது. நீலம் பாரித்திருந்தது. கொஞ்சம் தள்ளி அந்த அரிக்கேன் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை எட்டி உதைக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

எல்லோரும் கயிற்றைப் பிடித்தோம். நானும் பிடித்தேன், அவளும் பிடித்தாள். கயிறு நேராக நின்று இழுபட்டது. முதுகில் போட்ட முடிச்சு நழுவாமல் இருக்க வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். முடிச்சு நழுவவில்லை. மேலே போட்டபோது மூச்சு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார்கள், யாரோ நெஞ்சை அழுத்தினார்கள். ஒரு கேவல் மாதிரி சத்தம் வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். ஆட்டோவில் எனக்கு இடம் இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்த என்னை அவள் ஒரு பார்வை பார்த்தாள். நான் இறங்கிக்கொண்டேன்.

பிழைத்தான். உயிர் திரும்பியது என்று நம்பவே சில நாட்கள் பிடித்தன. கண் திறந்ததும் தன் அண்ணனைப் பார்த்து, “வெளக்கு எரிஞ்சுச்சுல்லண்ணே?” என்று கேட்டானாம். டாக்டர்தான் எங்களுக்கு விளக்கினார். கிணற்றில் இருப்பது வேறு காற்று, மலக்குழியில் இருப்பது வேறு காற்று. சேற்றின் ஏட்டுக்குள் அடைந்து கிடந்து, கிளறியதும் கிளம்பி வரும். விளக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிருச்சுன்னு நெனைக்கிறப்பத்தான் ஆளே போறது” என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, “நீங்களும் எறங்கியிருந்தீங்கன்னா ரெண்டு பேரையும் சேத்துத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க” என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் சொன்னது என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. கொழுந்தனுக்கும் புரிந்தது. ஆனால் தெருவும் சொந்தமும் டாக்டரிடம் கேட்டா பேசுகின்றன? ‘மூடிருவேன்னு சொன்னவ’ என்று எனக்கு ஒரு பட்டமே விழுந்துவிட்டது. கொழுந்தன் பெண்டாட்டி ஊர்ப்பக்கம் ஒரு விசேசத்தில், நான் காதால் கேட்கும்படி சொன்னாள்: “எம் புருசன் செத்தாச் சாகட்டும்னு தம் புருசன இறுக்கிப் புடிச்சாக.” அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தீபாவளி, பொங்கல் எதற்கும் வரவில்லை. கொழுந்தன் மட்டும் தனியாக வருவான். முன்னைப் போல மூச்சு வாங்காமல் படியேற அவனால் முடியாது. வாழைத்தாரை ஆட்டோக்காரர் தூக்கி வந்து வைப்பார்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த நிமிசத்தில் நான் கொழுந்தனை நினைக்கவில்லை. என் புருசனை மட்டும்தான் நினைத்தேன். அவள் அவள் புருசனை நினைத்தாள். இதில் யாரை யார் குறை சொல்வது? இதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை. ஆனால் அவளுடைய அந்தப் பார்வை என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. அவன் மட்டும் பிழைக்காமல் போயிருந்தால், நான் சரியாகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியுமா என்று நினைப்பேன். அந்த நினைப்பு வந்தால் சாப்பிடப் பிடிக்காது.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நான் டிராக்டரில் மணலுக்குச் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கொல்லைச் சுவரை ஓரிடத்தில் இடித்து டிராக்டரை உள்ளே விடச் சொல்லி, தொட்டியைச் சேறோடு, மண்வெட்டியோடு, அந்த விளக்கோடு மூடினேன். இதைத்தான் பொறியாளர் முதல் நாளே சொன்னார். யாருமே இறங்காமல், யாரையுமே இறக்காமல் முடிந்திருக்க வேண்டிய வேலை. என் வீட்டுக்காரர் கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பிளம்பர் வந்து கழிவறையிலிருந்து நேராகத் தெருச் சேம்பருக்குக் குழாய் போட்டுக் கொடுத்தார். முதல் முறை தண்ணீர் ஊற்றிவிட்டுத் தெருவுக்கு ஓடிப்போய், சேம்பர் மூடியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் சலசலவென்று போனது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பிளம்பருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அரையாண்டுக்கு ஒருமுறை சாக்கடைக் கட்டணம் கட்டச் சீட்டு வரும். குழாயடியில் இன்றைக்கும் அதைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. வரிசையில் நின்று என் கையால் கட்டிவிட்டு வருவேன். நம் வீட்டுக் கழிவு நம் காலடியில் தேங்காமல் போவதற்கு ஒரு சீட்டுதானே என்று இருக்கும். ‘இவளுக்கு என்ன, காசு கொட்டிக் கெடக்கு’ என்று ஒருத்தி சொன்னாள். சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டாயிரத்துப் பத்தில் கொழுந்தன் ஊரில் புது வீடு கட்டினான். பால் காய்ச்சுவதற்கு அழைக்க அவன் மட்டும்தான் வந்தான். போவதா வேண்டாமா என்று எனக்கு ஒரே போராட்டம். என் வீட்டுக்காரர், “நீ வராம நான் போகல” என்றார். தொட்டி விசயத்துக்குப் பிறகு அவர் என் பக்கம் பேசிய முதல் பேச்சு அதுதான். போனோம்.

புது வீட்டில் கூட்டம். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி, எல்லோருக்கும் காப்பி கொடுத்து முடித்ததும் அவள் என் முன்னால் வந்து நின்றாள். புதுப்புடவையில் மஞ்சள் கறை. “இங்கன வாங்கக்கா” என்றாள். என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. எதற்குக் கூப்பிடுகிறாளோ என்று அவள் பின்னால் போனேன். நல்ல நாளும் அதுவுமாக நாலு பேர் முன்னால் கேட்காமல், தனியாகக் கூட்டிப்போய்க் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். அந்த ஊருக்குப் பாதாள சாக்கடை எல்லாம் கிடையாது. புது வீட்டுக்குச் செப்டிக் டேங்க்தான். என் கால் அதன் பக்கத்தில் போக மறுத்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். முன்பு நகத்தால் கீறிய அதே கை.

மூடிக்கல்லே இல்லை. தொட்டி முழுவதையும் ஒரே காங்கிரீட்டாக வார்த்து மூடியிருந்தது. நடுவில் லாரிக் குழாய் நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டு, அதற்குத் தகர மூடி போட்டிருந்தது. ஒரு குழந்தையின் தலைகூட அதில் நுழையாது.

“கொத்தனார் கல்லுதான் போடணும்னாரு, உள்ள எறங்கி வாரணும்ல, வழி விடணும்னாரு” என்றாள். “வழியே வேணாம்னுட்டேன். எங்க வீட்டாளும் எறங்கக் கூடாது, எவ வீட்டாளும் எறங்கக் கூடாதுன்னுட்டேன்.”

அவள் அந்தக் காங்கிரீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

“அன்னைக்கு நீங்க மூடிருவேன்னீகள்ல. நான் மூடிட்டேன்க்கா.”